நெஞ்சைக் கேட்க இரண்டு பேர்

எங்கள் கல்லூரியில் ஒரு கட்டிலைச் சுற்றி நாற்பது பேர் நிற்போம். பேராசிரியர் தலைமாட்டில் நிற்பார். முன்வரிசையில் உள்ள ஐந்தாறு பேருக்கு நோயாளியின் நெஞ்சு தெரியும். அடுத்த வரிசைக்குப் பேராசிரியரின் கை தெரியும். அதற்கும் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நிற்பவனின் பிடரிதான் தெரியும். நான் உயரம் குறைவு. நான்காம் வருஷம் முடியும்போது எங்கள் வகுப்பில் யார் யாருக்குப் பிடரியில் மச்சம் இருக்கிறது என்று தடுமாறாமல் சொல்லுவேன். நெஞ்சில் நீர் கோத்தால் என்ன சத்தம் கேட்கும் என்பது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்றும் சொல்லுவேன். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டதில்லை.

எங்களுக்கு இன்னொரு சொத்தும் இருந்தது. சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. எங்களுக்கு எத்தனையோ வகுப்புக்கு முன்னால் படித்த யாரோ ஒரு புண்ணியவான், பேராசிரியர் சொன்னதைச் சொன்னபடியே அதில் இறக்கி வைத்திருந்தான். வருஷா வருஷம் அதைப் பிரதி எடுத்துக் கீழ் வகுப்புக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். பேராசிரியர் சொல்லுகிற நகைச்சுவைகூட அதில் உண்டு. பக்கத்தில் பென்சிலால் ‘இங்கே சிரிக்கவும்’ என்று எழுதியிருக்கும். நாங்களும் அந்த இடத்தில் சிரித்தோம். அந்த நோட்டை ஓர் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்தவன் என்பதால் வகுப்பில் முதல் ஆள் நான்தான்.

முதல் இரண்டு வருஷம் செத்தவர்களோடும், அடுத்த இரண்டு வருஷம் நோட்டோடும் குடும்பம் நடத்திவிட்டு, ஐந்தாம் வருஷத்தில்தான் உயிருள்ள மனிதனிடம் வருகிறோம். வந்ததும் அவனிடம் என்ன பேசுவது என்று தெரிவதில்லை. கேள்வி எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, வலி எல்லாம் தமிழில் இருக்கிறது. இது சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். எது சரி என்பதை நான் கற்றுக்கொண்டது தூத்துக்குடியில், ஒரு சனிக்கிழமை செய்த தப்பினால்.

யுத்த காலம். சென்னையில் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வார்டுகளைக் காலி செய்தார்கள். நோயாளி இல்லாமல் பாடம் நடத்த முடியாது என்று எங்களை ஆறு ஆறு பேராகப் பிரித்து ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். எனக்குத் தூத்துக்குடி கிடைத்தது. சாத்தான்குளத்துப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளையான எனக்கு அது வீட்டுக்கு அனுப்பிய மாதிரிதான். என்னோடு வந்த ஐந்து பேரில் ஒருவன் காயல்பட்டினத்துக்காரன், வியாபாரக் குடும்பம். வகுப்பில் எனக்கு எப்போதும் அடுத்த இடம் அவனுக்கு. அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இரண்டு வருஷமாக அந்தக் கவலை.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்களை வாசலில் நிறுத்தி எண்ணிப் பார்த்தார்.

“ஆறு பேரா? நான் ஒரு நர்ஸ் கேட்டிருந்தேன்” என்றார்.

மறுநாள் காலை வார்டைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று சொல்லச் சொல்ல, ஆறு பேரும் எழுதினோம். நாற்பது பேருக்குப் பதில் ஆறு பேர் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. பிடரிகூட மறைக்கவில்லை, ஆனால் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் இப்போதும் நோயாளியைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். என்னால் அதற்கு மேல் முடியாது.

“சார், ஆளுக்கு நாலு நோயாளியை எங்களுக்கே கொடுத்துடுங்க. நாங்களே கேட்டு, நாங்களே பார்த்து, சாயங்காலம் உங்ககிட்ட சொல்றோம். நீங்க திருத்துங்க.”

“உனக்கு நோயாளியைக் கொடுத்துடலாம். நோயாளிக்கு யாரைக் கொடுக்கறது?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பின்னால் நின்ற காயல் நண்பன் என் காதருகே, “ஏலே, இதை நோட்டுல எழுதிக்கோ. ‘இங்கே சிரிக்கவும்’” என்றான்.

ஆனால் வேலை அவரை மடக்கியது. சங்கு குளிக்கிற காலம் தொடங்க இருந்தது. கடலுக்கு அடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவரைக் குளியாளி என்பார்கள். யுத்தத்தை முன்னிட்டு, அந்த வருஷம் கடலில் காலை வைக்கிற ஒவ்வொருவனுக்கும் பாஸ் வேண்டும் என்று வந்துவிட்டது. குளியாளிக்குப் பாஸ் வேண்டுமென்றால் நெஞ்சும் காதும் சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுபது பேருக்கு மேல். திங்கட்கிழமை விடிகாலையில் வள்ளங்கள் புறப்படும். சனிக்கிழமைதான் உத்தரவு கையில் கிடைத்தது.

டாக்டர் காகிதத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. நீங்களே பாருங்க. ஏதாவது தப்பா பட்டா என்னைக் கூப்பிடணும்” என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கல்வித் திட்டம் நிறைவேறிவிட்டது. ஆறு மேஜை போட்டோம். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு டாக்டரானோம்.

என் மேஜைக்கு வந்த பன்னிரண்டாவது ஆளோ பதின்மூன்றாவது ஆளோ, முப்பத்தைந்து வயது இருக்கும். தோள் கதவு அகலம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். பேசாத மனிதர். வலது பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். மூச்சு மெல்ல வந்து போவது கேட்டது. இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று இடது பக்கம் மாற்றிக்கொண்டு, நோட்டில் உள்ளபடி, “மூச்சை நல்லா இழுங்க” என்றேன்.

இழுத்தார். குழலை வைத்தேன். சத்தம் இல்லை.

ஒரு விரல் கீழே இறக்கினேன். இல்லை. அக்குள் பக்கம் வைத்தேன். இல்லை. முதுகுக்குப் போனேன். எங்கும் இல்லை. விரலை வைத்துத் தட்டிப் பார்த்தேன். காலிப் பானை மாதிரி கணீரென்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூச்சுச் சத்தம் இல்லை, தட்டினால் அதிக ஒலி. சிவப்பு நோட்டில் அடிக்கோடிட்ட இடம். நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரல் சுருங்கிப் போன நிலை. இதைப் பார்க்காமலே டாக்டராகி ரிட்டையரும் ஆனவர்கள் உண்டு. நான் படிக்கும்போதே பிடித்துவிட்டேன்.

“இந்தப் பக்கம் எப்பவாவது குத்துமா?” என்று கேட்டேன்.

“குத்தும். யாருக்குத்தான் குத்தாது?” என்றார் குளியாளி.

அதையும் எழுதிக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கையில் வேறு காகிதத்தோடு வந்தார். “இழுப்பா” என்று சொல்லிவிட்டு, நான் விரலால் காட்டிய இடத்தில் குழலை வைத்தார். ஐந்து நொடி கேட்டார். “ஆமா, ஏர் என்ட்ரி இல்லை, காத்தே போகலை” என்றார். எக்ஸ்ரே எடுக்கலாமா என்றேன். யுத்தத்தில் பிலிம் ஏது என்றார். ‘தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு அன்றைக்குச் சாயங்காலம் வரை என் தோளில் இருந்தது.

குளியாளி சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப இந்த வருசம் எறங்க முடியாதா?” என்று கேட்டார்.

“இறங்கினா உயிருக்கு ஆபத்து, அண்ணாச்சி” என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனங்கள் தெருவில் போய்க்கொண்டிருந்த நேரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் காயல் நண்பனும் மட்டும் இருந்தோம். அந்தக் குளியாளி வந்தார். அவர் முன்னால் இன்னொரு ஆள், மெலிந்த உடம்பு, முழங்கைக்குக் கீழே மட்டும் முறுக்கேறிய கை.

“நேத்து இவரைப் பாத்த டாக்டர் தம்பி யாரு?”

“நான்தான்” என்றேன்.

“நான் இவருக்கு மச்சினன். இவருக்குக் கயிறு புடிக்கவன். எம் மச்சானுக்கு என்ன சீக்குன்னு எழுதுனீங்க?”

கயிறு என்றால் என்ன என்று எனக்கு மங்கலாகத்தான் தெரியும். அவரே சொன்னார். குளியாளி கல்லைக் கட்டிய கயிற்றோடு அடிக்குப் போவார். அவர் இடுப்பிலிருந்து இன்னொரு கயிறு மேலே வள்ளத்தில் இருக்கிறவன் கைக்கு வரும். கீழே இருந்து ஒரு சுண்டு வந்தால், மேலே இருக்கிறவன் கண் இமைக்காமல் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள்.

“ஏன் அப்படி?” என்று கேட்டான் நண்பன்.

“நான் அசந்து நின்னா, எங்கக்கா மூணு புள்ளையளோட எங்க வீட்டுக்குத்தான வந்து நிப்பா? அசருவனா?” என்றார் மச்சினன். பிறகு என் பக்கம் திரும்பினார். “இவரு கரையில இருந்தா எனக்கும் இந்த வருசம் கரைதான். வேற எவன் கயித்தையும் நான் தொட முடியாது. அவனவனுக்கு மச்சினன் இருக்கான். இப்பச் சொல்லுங்க, என்ன சீக்கு?”

“மூச்சுப்பையில் ஓட்டை” என்றேன்.

“ஓட்டை வள்ளத்துல கால வச்சாலே எனக்குத் தெரிஞ்சிரும். ஓட்டை மச்சானை வச்சா எட்டு வருசமாக் கயிறு புடிக்கேன்?”

நண்பன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. படிக்காத ஒருவருக்கு விஞ்ஞானத்தை நேரே காட்டி ஒப்புக்கொள்ள வைக்க ஒரு வாய்ப்பு. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மச்சினன் காதில் மாட்டினேன்.

“நீங்களே கேளுங்க. இந்தப் பக்கம் சத்தம் இருக்காது. அந்தப் பக்கம் இருக்கும்.”

குளியாளியை பெஞ்சில் உட்கார வைத்தேன். “இழுங்க” என்று சொல்லிவிட்டு, இடது பக்கம் குழலை வைத்தேன். மச்சினன் கோயிலில் நிற்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஆமா. ஒண்ணும் கேக்கல” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“பார்த்தீங்களா? இப்ப வலது பக்கம்” என்று குழலை மாற்றினேன்.

மச்சினன் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். “இங்கனயும் கேக்கலையே, தம்பி.”

குழலை இன்னும் அழுத்தி வைத்தேன். பின்னால் கைகட்டி நின்ற நண்பன்தான் பேசினான்.

“ஏலே, ரெண்டு பக்கமும் ஓட்டைன்னா இவரு நேத்தே மவுத்தாயிருக்கணும்லே. அவரு வயித்தைப் பாரு. அசையவே இல்ல.”

பார்த்தேன். நேற்று நான் பார்க்கவில்லை. குழல் காதில் இருந்தால் என் கண் எப்போதும் கூரையைத்தான் பார்க்கும். கல்லூரியில் பேராசிரியரும் அப்படித்தான் பார்ப்பார். நாங்கள் அவரிடமிருந்து படித்ததில் அது ஒன்று. குளியாளி நெஞ்சை நிமிர்த்தி, விலா விரிந்து, மரத்தில் செதுக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மூச்சு உள்ளே போய் ஒரு நிமிஷம் இருக்கும். முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை.

மச்சினன் குழலைக் காதிலிருந்து எடுத்தார். “விடும் மச்சான்” என்றார்.

குளியாளி மூக்கு வழியாக, அவசரமே இல்லாமல், விட்டார். எங்கள் மேஜைக் காகிதம் ஒன்று அசைந்தது.

“ஏன் நீங்க மூச்சை விடலை?” என்று கேட்டேன்.

“இழுன்னீங்க. இழுத்தேன். நீங்க விடச் சொல்லலையே” என்றார் குளியாளி. “நேத்தும் குழலை எடுத்த பொறவுதான் விட்டேன். தப்பா?”

மச்சினன் எனக்காக இன்னும் கொஞ்சம் விளக்கினார். “வள்ளத்துல மூச்சை இழுன்னு ஒருக்கச் சொன்னா, தலை தண்ணிக்கு மேல வார வரைக்கும் உள்ளதான் கெடக்கும், தம்பி. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அவருக்கு இழுன்னா அதான் அர்த்தம்.”

நோட்டில் ‘மூச்சை இழுக்கச் சொல்லவும்’ என்று இருக்கிறது. விடச் சொல்லவும் என்று இல்லை. எல்லோரும் தாமாகவே விட்டுவிடுவார்கள் என்பதால் யாரும் அதை எழுதவில்லை. முதல் தடவை நான் கட்டளை எதுவும் கொடுக்காமல் வலது பக்கம் கேட்டேன், கேட்டது. கட்டளை கொடுத்த பக்கத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

இதைவிட மோசமான ஒன்று அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் இன்னும் பலரிடம் ‘இழுங்க’ என்று சொல்லிவிட்டு ஒன்றும் கேட்காமல்தான் இருந்தேன். கெட்ட சத்தம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது, ஆகவே ‘நெஞ்சு சுத்தம்’ என்று எழுதித் தள்ளியிருந்தேன். நண்பனைப் பார்த்தேன். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான் என்று முகம் சொன்னது.

“நானும் அப்படித்தாம்லே எழுதுனேன்” என்றான்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஆபீஸ் குமாஸ்தா வந்து தகுதிப் பட்டியலை வாங்கிப் போவார். போய்விட்டால் இந்தக் குளியாளிக்கு இந்த வருஷம் கரைதான், அவர் மச்சினனுக்கும் கரைதான். மணி பதினொன்றரை.

டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வீட்டில் பனியனோடு ஈஸிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பேப்பரை மடித்தார்.

“நானும்தானே கேட்டேன்” என்றார்.

“ஆமா சார்.”

“எனக்கும் கேக்கலையே.”

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, “மத்தவங்க?” என்று கேட்டார். மற்றவர்களைப் பற்றியும் சொன்னேன். எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் இரண்டு நடை நடந்தார்.

“இதுக்குத்தான் ஒழுங்கா நின்னு எழுதிக்கோங்கன்னு சொன்னேன். ஆறு மணிக்குள்ள நான் ஒருத்தன் எழுபது பேரைப் பாக்க முடியாது. உங்க ஆறு பேரை இனி நம்பவும் முடியாது.”

இங்கேதான் என் நாக்கு என்னைக் காப்பாற்றியது. அது எப்போதும் என்னை விட ஓர் அடி முன்னால் போகும்.

“ஆறு பேரை நம்ப வேண்டாம் சார். மூணு ஜோடியை நம்புங்க” என்றேன்.

வராந்தாவிலிருந்து வீட்டுக்கு வருகிற நாற்பது அடியில் அது என் தலைக்குள் உருவாகியிருந்தது. ஒருவன் கேட்பான். இன்னொருவன் குழலைத் தொடக்கூடாது. அவன் வேலை பார்ப்பது மட்டும். நோயாளியின் வயிறு, விலா, முகம். கேட்கிறவனின் கை எங்கே போகிறது, எதை விட்டுவிட்டது. ஏதாவது சரியில்லை என்றால் கேட்கிறவன் தோளில் ஒரு தட்டு. தட்டு விழுந்தால் கேட்கிறவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வாதாடக் கூடாது. அடுத்த ஆளுக்கு இருவரும் இடம் மாற வேண்டும். அந்த மச்சினன்கள் செய்கிற வேலைதான்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்” என்றார். “தப்புன்னா ரெண்டு பேருக்கும்தான். கேட்டவன் தப்புன்னு பாத்தவன் சொல்லக் கூடாது.”

இந்த ஒரு விதியை நான் நினைத்திருக்கவில்லை. திட்டம் என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளுவேன். ஆனால் அதற்கு முதுகெலும்பு அவர் வைத்ததுதான்.

குளியாளிகளை மறுபடி கூட்டிவர எங்களால் ஆகாது என்று நினைத்தேன். மச்சினன் தெருவுக்குள் போனார். ஒரு மணிக்குள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், அவரவர் மச்சினன்களோடு. ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கடுப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது.

“நேத்து என்னத்தப் பாத்தீங்க, இன்னைக்கு என்னத்தப் பாக்கப் போறீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“நேத்து இவன் மட்டும் பாத்தான் அண்ணாச்சி. இன்னைக்கு இவனை நான் பாக்கேன்” என்றான் நண்பன். வராந்தா சிரித்தது. கடுப்பு பாதி போயிற்று.

அன்று பிற்பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் “இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க” என்ற சத்தம்தான். உள்ளே இருந்த நோயாளிகள் கப்பலில் பாய் ஏற்றுகிறார்களோ என்று எட்டிப் பார்த்தார்கள். என் தோளில் எத்தனை தட்டு விழுந்தது என்று சொன்னால் வெட்கம். முதுகில் கீழ்ப் பகுதியைக் கேட்காமல் விட்டேன், ஒரு தட்டு. ஒரு பக்கம் கேட்டதும் மறுபக்கத்தை ஒப்பிடாமல் பேச வாயெடுத்தேன், ஒரு தட்டு. நாலு வருஷத்தில் சிவப்பு நோட்டு எனக்குத் தராத படிப்பை அந்தக் கை நாலு மணி நேரத்தில் தந்தது. என் முறை வந்தபோது நானும் குறை வைக்கவில்லை.

அன்றுதான் நெஞ்சில் நீர் கோத்த சத்தத்தையும் கேட்டேன். சரியாகச் சொன்னால், சத்தம் இல்லாததைக் கேட்டேன். முதல் நாள் நானே ‘நெஞ்சு சுத்தம்’ என்று எழுதிய ஓர் இளைஞன். இழுக்கிறான், விடுகிறான், வயிறு அசைகிறது, நண்பன் தோளைத் தட்டவில்லை. வலது பக்கம் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. தட்டினால் மரப்பலகை மாதிரி மந்தமாக இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். டாக்டரைக் கூப்பிட்டோம். இந்தத் தடவை அவர் நான் காட்டிய இடத்தில் மட்டும் வைக்கவில்லை. முன்னும் பின்னும் கேட்டு, தட்டி, என்னைப் பின்னால் நிற்க வைத்து அவன் வயிற்றைப் பார்க்கச் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார்.

அந்த இளைஞன் படியில் போய் உட்கார்ந்தான். மாலை வேளையில் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டதற்கு, “வரும். யார்ட்டயும் சொல்லல” என்றான். அவன் மச்சினனும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு நான் தூங்கியிருப்பேன் என்ற எண்ணம் இப்போதும் சில சமயம் என்னைப் பேச்சின் நடுவே நிறுத்திவிடுகிறது. அவனை வார்டில் சேர்த்தோம். தேறினான், நாள் பிடித்தது.

ஆறு மணிக்குக் குமாஸ்தா வந்தார். பட்டியலை விரித்து, “இதுல எது டாக்டர் கையெழுத்து? ஒவ்வொரு ஆளுக்கும் மூணு இருக்கே” என்றார்.

“மூணும்தான்” என்றார் டாக்டர்.

எங்கள் குளியாளியின் பெயருக்கு எதிரே ‘தகுதியில்லை’ என்பதை அவரே அடித்துவிட்டுத் ‘தகுதி’ என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த மாதங்களில் எழுதிக்கொள்வது நின்றது. ஜோடிக்கு எட்டுக் கட்டில். நோயாளியிடம் தமிழில் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையையே முதலில் எழுதி, அதன் பிறகுதான் இங்கிலீஷ் பெயர். இப்போது நான் கல்லூரியில் கீழ் வகுப்புப் பையன்களுக்குச் செய்முறை காட்டுகிற உத்தியோகத்தில் இருக்கிறேன். எல்.எம்.பி. என்கிற குறுகிய டாக்டர் படிப்பை எடுத்துவிடலாம், எல்லோரையும் ஒரே பட்டத்துக்குப் படிக்க வைக்கலாம், பாடத்தைக் கூட்டலாம், வருஷத்தைக் குறைக்கலாம் என்று பெரியவர்கள் கமிட்டி போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். பட்டத்தின் பெயர் எதுவானாலும், கட்டிலைச் சுற்றி நாற்பது பேர் நிற்கிற வரையில் முன்வரிசை ஐந்து பேர்தான் டாக்டராவார்கள். என்னிடம் வருகிற பையன்களை நான் இரண்டு இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் கேள்வி, “உன் கயிறு யார் கையில்?” அவர்களுக்கு முதலில் புரிவதில்லை. தோளில் இரண்டு தட்டு விழுந்ததும் புரிந்துவிடுகிறது. முதல் மார்க் வாங்குகிற பையன்கள்தான் அதிகம் முறைக்கிறார்கள். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டால் அந்த மச்சினன் என்னை மன்னிக்க மாட்டார்.

ஒரு தடவையாவது வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் நான் சும்மா இருக்க மாட்டேன். கடலில் கால் வைக்கப் பாஸ் வேண்டுமே என்றார் டாக்டர். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நண்பன் என் நெஞ்சைக் கேட்டான், இன்னொருவன் அவன் கேட்பதைப் பார்த்தான், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். “இவன் வாய்க்கும் ஒரு சீட்டு எழுதணுமா சார்?” என்று நண்பன் கேட்டதற்கு, “அதுக்கு எந்தப் பாஸும் செல்லாது” என்றார் டாக்டர்.

விடிகிற நேரத்தில் கரை விட்டோம். கடல் அடி தெரிகிற மாதிரித் தெளிந்திருந்தது. ஓர் இடத்தில் வள்ளத்தை நிறுத்தினார்கள். குளியாளி விளிம்பில் உட்கார்ந்து கல் கயிற்றில் காலை நுழைத்தார். மச்சினன் இடுப்புக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டார்.

“ஒரு நிமிஷம் அண்ணாச்சி” என்று நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குளியாளி மட்டும் முதுகைத் திருப்பிக் காட்டினார்.

“இழுங்க” என்றேன். இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை, அங்கே கூரையும் இல்லை. விலா விரிவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். “விடுங்க” என்றேன். காற்று உள்ளே போய் வெளியே வந்தது. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத அளவுக்கு நீளமான, நிறைந்த ஒலி. வலம், இடம், மேல், கீழ், எங்கும் ஒரே மாதிரி. அதற்கு முன்னால் நல்ல நெஞ்சு எது என்று எனக்குத் தெரியாது. கெட்ட நெஞ்சைப் பற்றித்தான் நாலு வருஷம் படித்திருந்தேன்.

குளியாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னைக்காவது கேட்டுதா, தம்பி?”

“கேட்டுது அண்ணாச்சி.”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு இழுத்தார். இனி யாரும் விடச் சொல்ல மாட்டார்கள். கல் இறங்கியது, அவரும் இறங்கினார். கீழே வெளுத்த மணலில் அவர் உடம்பு சின்னதாகிக்கொண்டே போவதை நான் எட்டிப் பார்த்தேன். மச்சினன் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“தம்பி, ரெண்டு பக்கமும் கேட்டுதுல்லா. இப்பக் காலை எடுங்க. எங் கயித்து மேல நிக்கீங்க.”

எடுத்தேன்.